நடுவர் நாற்காலியில் ராஜாஜி

போன வருஷம் நாமக்கல் பக்கம் ஒரு சின்ன வீடியோ போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். நண்பர்கள் சேர்ந்து நடத்திய போட்டி. செல்போனில் எடுத்த படமாக இருக்க வேண்டும், ஏழு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, தலைப்பு தனிமனித சுதந்திரம். அரசாங்கம், சாதி, சொந்தக்காரங்க, யார் வேண்டுமானாலும் குறுக்கே நிற்கட்டும், அதைத் தாண்டி ஒரு ஆள் தன் வாழ்க்கையைத் தானே நடத்துவதைக் காட்ட வேண்டும் என்று விதிமுறையில் எழுதியிருந்தார்கள். நடுவர்கள் மூணு பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வழக்கறிஞர் அக்கா ஒருவர், பழைய காகிதம் கிளறுகிறவன் என்ற தகுதியில் நான்.

வந்ததில் ஒரு படம் பனையேறி பற்றியது. இருட்டு பிரியாத நேரம். ஒருத்தர் மரம் ஏறுகிறார், பாளையைச் சீவுகிறார், பானையைக் கட்டுகிறார். பானைக்குள் சுண்ணாம்பு தடவவில்லை. அதை அந்தப் பையன் ரொம்ப நேரம் காட்டியிருந்தான். விஷயம் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும். சுண்ணாம்பு தடவினால் இறங்குவது தெளுவு, மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பார்கள். தடவாமல் விட்டால் தானாகவே புளித்துக் கள்ளாகிவிடும். முன்னது தொழில், பின்னது குற்றம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. படத்தின் கடைசியில் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்கிறார்: “மரம் என்னது, பானை என்னது, வாயும் என்னது. இதுல கவருமெண்டுக்கு என்னங்க வேலை?” அடுத்த காட்சி டாஸ்மாக் வாசல் கூட்டம். அதோடு படம் முடிந்தது. பின்னணி இசை கூட இல்லை.

வழக்கறிஞர் அக்கா பத்துக்கு ஒன்பது போட்டார். தமிழாசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “குடியைத் தூக்கிப் பிடிக்கற படத்துக்கு நான் மார்க் போட மாட்டேனுங்க. இது ராஜாஜி நடந்த மண்ணுங்க தம்பி” என்று என்னைப் பார்த்தார். அக்கா விடவில்லை. “அதேதானுங்க ஐயா நானும் சொல்றேன். சுதந்திராக் கட்சியை ஆரம்பிச்சது யாருங்க, ராஜாஜிதானுங்களே?”

இரண்டு பேரும் ஒரே ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அது மண்டையை விட்டுப் போகவில்லை. சுதந்திரத்தைப் பற்றிய ஒரு படத்துக்கு மார்க் போட ராஜாஜியே வந்து உட்கார்ந்தால் என்ன செய்வார்? இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியின் பின்னால் போனதுதான்.

சேலம் மாவட்டம் என்று இன்றைக்கு நாம் சொல்வது பழைய சேலத்தில் ஒரு துண்டு. 1965-ல் தர்மபுரி பிரிந்தது, 1997-ல் நாமக்கல் பிரிந்தது, 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ராஜாஜி 1878-ல் பிறந்த தொரப்பள்ளி, ஓசூர் பக்கத்தில், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் 1900 முதல் வக்கீல் தொழில் செய்ததும், 1917-லிருந்து 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்ததும் சேலம் நகரத்தில். 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கியது திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில், இப்போது நாமக்கல் மாவட்டம். ஆக பழைய சேலத்தின் மேல்கோடி, நடு, கீழ்கோடி மூன்றிலும் அவர் கால் பட்டிருக்கிறது. ஆசிரியர் “நடந்த மண்” என்றது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை.

புதுப்பாளையத்தில் நூற்பு, நெசவு, தீண்டாமை ஒழிப்பு எல்லாம் நடந்தன. ஆனால் ராஜாஜியின் மனசு முழுக்கக் கிடந்தது கள்ளுக்கடையில். 1929-ல் ‘விமோசனம்’ என்று ஒரு மாத இதழே தொடங்கினார், மதுவிலக்குக்காக மட்டும். துணையாசிரியராக உட்கார்ந்து வேலை பார்த்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. பத்து இதழோடு நின்றுபோனது. ராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’ கதையிலும் இதே கவலைதான். வண்டி மாடு வாங்கக் கடன் வாங்கிய ஒரு குடியானவன், கடை, கடன்காரன், கோர்ட்டு, நடுவில் அவன் பெண்டாட்டி. அந்தக் காலத்தில் சேலத்து வக்கீலிடம் வந்த கட்டுகளில் இப்படி எத்தனை கேட்டிருப்பாரோ.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. அன்றைக்குக் கள்ளுக்கடை என்பது யாரோ ஒருத்தர் தன் மரத்துக் கள்ளைத் தன் திண்ணையில் வைத்து விற்றது இல்லை. ஆப்காரி முறை என்று பெயர். கடைகளை அரசாங்கம் ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் கிஸ்தி கட்டுவார். கள் இறக்குகிற ஒவ்வொரு மரத்துக்கும் தனியாக மரவரி. ஏலத்தில் போட்ட காசை எடுக்க வேண்டுமானால் கடைக்காரர் ஊரைக் குடிக்க வைத்தாக வேண்டும். சென்னை மாகாணத்துக்கு நிலவரிக்கு அடுத்தபடி பெரிய வருமானம் இதுதான். அதாவது கடையின் நிஜ முதலாளி சர்க்கார்தான். ஏலம் எடுத்தவர் ஆள் மாறிக்கொண்டே இருப்பார், முதலாளி மாறமாட்டார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

1921-ல் இதே சேலம் தாதம்பட்டியில் பெரியார் தன் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்த செய்தி எல்லோருக்கும் தெரியும். அந்த வீடியோ போட்டி விதிமுறைப்படி பார்த்தால் பெரியாருக்கு முழு மார்க் கொடுத்திருக்க வேண்டும். சொந்த மரம், சொந்த நஷ்டம், யாரையும் போலீஸ் பிடிக்கவில்லை. ராஜாஜி எடுத்த வழி வேறு.

1937 ஜூலை 14-ல் சென்னை மாகாணப் பிரதமராகப் பதவியேற்கிறார். மூன்று மாதம் கூட முடியவில்லை, அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டம் முழுக்க மதுவிலக்கு. ஓசூரிலிருந்து நாமக்கல் வரை ஒரே நாளில் கடைகள் மூடின. அமெரிக்கா 1920-ல் தொடங்கிய மதுவிலக்கைத் தாங்க முடியாமல் 1933-ல் கைவிட்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. உலகமே தோற்ற சங்கதி என்று பேசிக்கொண்டிருந்ததை ஒரு மனுஷன் தன் சொந்த மாவட்டத்தில் பரீட்சை பார்க்கிறார். அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், இல்லையா? கலெக்டர் டிக்சன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி. அவர் மனசு வைத்து நடத்தினார் என்பதை அன்றைய காங்கிரஸ்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். குடிக்கிற நேரத்தை நிரப்ப விளையாட்டு, பஜனை, கூத்து என்று ஏற்பாடு செய்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை வந்து, பலன் என்ன என்று தனியாக ஆய்வு செய்து புத்தகம் போட்டது. ஒரு அரசுத் திட்டம் தொடங்கிய கையோடு வெளியாட்கள் வந்து அளந்து பார்த்தது அந்தக் காலத்தில் அபூர்வம். சேலம் மதுவிலக்குக்கு முதல் நடுவர்கள் என்று அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

என் அம்மாயி ராசிபுரம் பக்கம். ராஜாஜி என்ற பெயரைக் கேட்டால் அவர் வேறு எதையும் சொல்லமாட்டார். “கடையை மூடுன சாமியார்” என்பார், அவ்வளவுதான். சந்தை முடிந்து வருகிற புருஷன் கையில் காசோடு வீட்டுக்கு வந்த காலம் ஒன்று இருந்ததாகத் தன் தாயார் சொன்னதை அவர் எங்களுக்குச் சொல்வார். தமிழாசிரியர் பேனாவை மூடியபோது எனக்கு அம்மாயி முகம்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் அவரைக் கட்டுப்பெட்டி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறதே. மரம் ஏறுகிறவன் என்ன ஆனான்? கடை மூடினால் ஏலக்காரர் வேறு தொழில் பார்ப்பார். மரமேறிக்குக் கையில் இருந்தது அரிவாளும் கயிறும்தான். வெல்லம் காய்ச்சு என்று சொன்னார்கள். வெல்லத்துக்கு விறகு வேண்டும், பெண்டாட்டி பிள்ளை எல்லோரும் நாள் முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டும், அப்புறம் விலையும் வேண்டும். சுண்ணாம்பு தடவாத பானையோடு பிடிபட்டால் வழக்கு. அதுவரைக்கும் அரசாங்கத்துக்கு வரி கட்டித் தொழில் செய்தவன், ஒரு அக்டோபர் மாதத்து விடியற்காலையில் குற்றவாளி ஆகிவிட்டான். அம்மாயி மாதிரி அவனுடைய பேத்தியும் ஏதாவது ஒரு கதை சொல்லியிருப்பாள்தானே.

வருமானம் போன இடத்தை நிரப்ப ராஜாஜி செய்தது இன்னும் சுவாரஸ்யம். 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவில் அப்படி ஒரு வரி வந்தது அதுதான் முதல் தடவை. பின்னாளில் “பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்” என்று அரசாங்கத்தைக் கிழி கிழியென்று கிழித்தவர், ஒவ்வொரு மளிகைக் கடைக்கும் வரிக் கணக்குப் புத்தகத்தை வாங்கித் தந்தவரும் கூட. அதே ஆட்சிக் காலத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். அவர்கள் மேல் பாய்ந்தது 1932-ம் வருஷத்துக் குற்றவியல் திருத்தச் சட்டம். சத்தியாக்கிரகிகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. காங்கிரஸ்காரர்கள் எதைக் கறுப்புச் சட்டம் என்று திட்டினார்களோ அதையே எடுத்துப் பயன்படுத்தினார். சுதந்திரப் போட்டிக்கு நடுவராக வருகிறவரின் விண்ணப்பத்தில் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏட்டின் மறுபக்கத்தைத் திருப்பினால் வேறொரு ஆள் நிற்கிறார். 1952-ல் மறுபடி முதலமைச்சராக வந்ததும் ஜூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். ரேஷன், தானியம் கொண்டுபோகத் தடை, செக்போஸ்ட் எல்லாம் போயிற்று. பஞ்சம் வந்துவிடும் என்று அதிகாரிகள் பயந்தார்கள், வரவில்லை. 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை விவசாயம் என்று தீர்மானம் போட்டபோது, குடியானவன் நிலத்தில் அரசாங்கம் கை வைக்கப் போகிறது என்று எண்பது வயசில் எழுந்து நின்றார். அந்த ஜூன் 4-ல் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. என். ஜி. ரங்கா தலைவர், மினூ மசானி பொதுச் செயலாளர். 1962-ல் மக்களவையில் 18 இடம், 1967-ல் 44 இடம். அதே 1967-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணியில் சட்டமன்றத்தில் 20 இடம் பிடித்தார்கள். இன்றைக்கு லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்கிற இந்தியர்கள் யாராக இருந்தாலும் தேடிப் போனால் கடைசியில் இந்தக் கட்சியின் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

கட்சிக்கு 21 கொள்கைகள் எழுதினார்கள். அதில் மதுவிலக்கு இல்லை. அதைவிட முக்கியம் கடைசிக் கொள்கை. மேற்சொன்ன விஷயங்கள் தவிர மற்ற எதிலும் உறுப்பினர் அவரவர் கருத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது அது. கட்சிக் கட்டுப்பாடு என்ற சவுக்கு இல்லாத கட்சி. பம்பாய்க்காரரான மசானிக்கு மதுவிலக்கில் நம்பிக்கை கிடையாது, ராஜாஜிக்கு அது உயிர். இரண்டு பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். எங்கள் மூணு பேர் நடுவர் குழுவால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் செய்ய முடியாததை அவர்கள் பத்துப் பதினஞ்சு வருஷம் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் ராஜாஜி முரண்பட்டவரா? ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது அரைகுறையாகப் படுகிறது. ஆப்காரி பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். 1937-ல் அவர் மூடியது சர்க்கார் ஏலம் விட்ட கடைகளை. லைசென்ஸ் கொடுத்து, கிஸ்தி வாங்கி, ஏழையின் கூலியிலிருந்து காசு எடுத்த ஒரு அரசாங்க வியாபாரத்தை. அந்த அளவுக்கு அது 1959-ன் ராஜாஜி செய்திருக்கக்கூடிய வேலைதான். அதோடு நிறுத்தியிருந்தால் அவரிடம் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது. கடையை எடுத்துவிட்டு, மரத்தையும் பானையையும் குடித்தவனையும் அவரவர் ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. சட்டம் மரத்து மேல் வரைக்கும் ஏறியது. பானைக்குள் எட்டிப் பார்த்தது. அரசு வியாபாரம் செய்யக்கூடாது என்பது ஒன்று. குடிமகன் குடிக்கக்கூடாது என்பது வேறொன்று. இரண்டையும் அவர் ஒரே முடிச்சாகப் போட்டார். என் பார்வையில் அவர் சறுக்கியது அந்த முடிச்சில்தான்.

சறுக்கியதின் விளைவு இன்றைக்கும் நம் கண் முன்னால் இருக்கிறது. 1937-ம் வருஷத்து அந்த மதுவிலக்குச் சட்டம் சாகவில்லை. போர்க்காலத்தில் கொஞ்சம் தூங்கியது, 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க எழுந்தது. 1971-ல் கருணாநிதி அரசு அதை நிறுத்தி வைத்தது. புதிதாக மதுவிலக்கு கொண்டுவருகிற மாநிலத்துக்கு மத்திய அரசு பணம் தரும், ஏற்கனவே வைத்திருக்கிற நமக்குத் தராதா என்பது அவருடைய வாதம். தொண்ணூறு தாண்டிய ராஜாஜி கொட்டுகிற மழையில் கோபாலபுரம் போய்க் கெஞ்சிக் கேட்டதைத் தமிழ்நாட்டு அரசியல் பேசுகிறவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். கடைகள் திறந்தன. மறு வருஷம் டிசம்பர் 25-ல் ராஜாஜி போய்ச் சேர்ந்தார். 1974-ல் கள்ளும் சாராயமும் மறுபடி மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது, 1987-ல் கள்ளும் சாராயமும் தடையாயின, 2003-ல் சில்லறை விற்பனை முழுசும் டாஸ்மாக் கைக்குப் போனது. இத்தனையும் நடப்பது 1937-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்தான். பெயர் மட்டும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்று மாறியிருக்கிறது. சேலத்து ஏழைக்காகப் போட்ட சட்டத்தை வைத்தே இன்று அரசாங்கம் பாட்டில் விற்கிறது, அதே சட்டத்தை வைத்தே கள் இறக்குகிறவரைப் பிடிக்கிறது. ராஜாஜி எதை வெறுத்தாரோ அந்தச் சர்க்கார் கடை திரும்ப வந்துவிட்டது. அவர் போட்ட தடையில் மிஞ்சி நிற்பது மரமேறி மேல் விழுந்த பாதி மட்டும். கொங்குப் பக்கம் கள் இயக்கம் நடத்துகிற நல்லசாமி வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய இதைத்தான். அந்தப் பையனின் படத்தில் கடைசி இரண்டு காட்சிகளில் இருந்தது இந்த மொத்தச் சரித்திரமும்தான். அவனுக்கு அது தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம்.

சரி, படத்துக்கு வருவோம்.

ராஜாஜிக்கு சினிமா மேல் நல்ல எண்ணம் கிடையாது. ஆனால் அவர் ஊர் சினிமா ஊர். மதுவிலக்கு வந்த அதே 1937-ல்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் ‘சதி அகல்யா’ வெளியானது. முதலாளி டி. ஆர். சுந்தரம். அந்த ‘டி’க்கு விரிவு திருச்செங்கோடு. ராஜாஜி ஆசிரமம் போட்ட தாலுகாவிலிருந்து வந்த ஒரு முதலியார் வீட்டுப் பிள்ளை, ஏற்காடு ரோட்டில் ஸ்டுடியோ கட்டி, முதல் மலையாளப் பேசும் படம் ‘பாலன்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று நூறு படத்துக்கு மேல் எடுத்துத் தள்ளியிருக்கிறார். தனியார் தொழில் என்ன செய்யும் என்பதற்கு ராஜாஜி எங்கேயும் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. சேலம் டவுனிலேயே சாட்சி இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆசிரமத்தில் அவரோடு ‘விமோசனம்’ நடத்திய கல்கி பார்த்தார். 1939-ல் வந்த ‘தியாகபூமி’ கல்கியின் கதை, கே. சுப்ரமணியம் இயக்கிய படம். காங்கிரஸ் மந்திரிசபை இருந்தபோது வெளியான அந்தப் படத்தை மந்திரிசபை போன பிறகு வெள்ளைக்கார அரசு தடை செய்தது.

ராஜாஜி இறந்த பிறகு 1974-ல் ‘திக்கற்ற பார்வதி’ படமாக வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கினார். லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தார்கள். வீணை சிட்டிபாபு இசை. படம் பிடித்த இடம் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி. செட்டு போட்ட கிராமம் இல்லை, நிஜ வீடு, நிஜ வெயில். அந்த வருஷத்துக்கான சிறந்த தமிழ்ப்படம் என்ற தேசிய விருது கிடைத்தது. அந்த 1974-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். கள்ளுக்கடைகள் மறுபடி மூடின. ஆகஸ்டில் சுதந்திராக் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. ராஜாஜியின் மதுவிலக்குக்கு உயிர் வந்த வருஷம்தான் ராஜாஜியின் சுதந்திரத்துக்கு ஈமக்காரியம் நடந்த வருஷம். நடுவில் அரசாங்கம் நியமித்த ஒரு நடுவர் குழு அவர் கதைக்கு மெடல் கொடுக்கிறது. அரசு கொடுக்கும் பரிசுகள் அவருக்குப் புதிதில்லை. பாரத ரத்னா முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட 1954-லேயே வாங்கியவர், 1958-ல் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசும் வாங்கியவர். அடுத்த வருஷமே அரசாங்கம் எதிலெல்லாம் கை வைக்கக் கூடாது என்று பட்டியல் போடக் கிளம்பிவிட்டார்.

நடுவர் குழுக்கள் என்றாலே எனக்கு ஞாபகம் வருவது லட்சுமி நடித்த இன்னொரு படம், ‘ஒரே ஒரு கிராமத்திலே’. 1987. பிராமணப் பெண் ஒருத்தி பொய்ச் சாதிச் சான்றிதழில் வேலைக்குச் சேர்வது கதை. இட ஒதுக்கீட்டை விமர்சிக்கிற படம். தணிக்கைக் குழு முதலில் சான்றிதழ் தர மறுத்தது, மறுஆய்வுக் குழு ‘யு’ தரலாம் என்றது, சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சான்றிதழை ரத்து செய்தது. இத்தனைக்கும் நடுவில் அதே படத்துக்கு சமூகப் பிரச்சினை பற்றிய படம் என்ற பிரிவில் தேசிய விருது! ஒரே அரசாங்கத்தின் ஒரு குழு பார்க்கக் கூடாது என்கிறது, இன்னொரு குழு பரிசு கொடுக்கிறது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் படத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. கலவரம் வரும் என்று மிரட்டுகிறார்கள் என்பதற்காகப் பேச்சைத் தடுக்க முடியாது, மிரட்டுகிறவர்களை அடக்குவதுதான் அரசின் வேலை என்பது அதன் சாரம். கூடவே நடுவர்களுக்கும் ஒரு அளவுகோல் சொன்னது. சாதாரண புத்தியுள்ள ஒரு சராசரி மனுஷன் பார்ப்பது போலப் படத்தைப் பார்க்க வேண்டும், தொட்டதற்கெல்லாம் சுருங்குகிற ஆளின் கண்ணால் பார்க்கக் கூடாது. அதே நேரம் சினிமாவுக்கு முன்தணிக்கை இருக்கலாம் என்று 1970-ல் கே. ஏ. அப்பாஸ் வழக்கில் சொன்னதை மாற்றவில்லை. ராஜாஜியின் படத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. இட ஒதுக்கீட்டுப் படத்தைப் பற்றி அதற்கு நேர்மாறான மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் அந்த அளவுகோல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

லிபர்டேரியன்களே நடத்துகிற படப் போட்டியும் நம் நாட்டில் இருக்கத்தான் செய்தது. 1997-ல் பார்த் ஷா டெல்லியில் தொடங்கிய சென்டர் ஃபார் சிவில் சொசைட்டி, ‘ஜீவிகா’ என்ற பெயரில் ஆவணப்படப் போட்டியும் விழாவும் நடத்தியது. தலைப்பு பிழைப்பு. தெருவோர வியாபாரி, ரிக்‌ஷாக்காரர் மாதிரி ஆட்களின் பிழைப்பில் சட்டமும் வழக்கமும் எப்படிக் குறுக்கே விழுகிறது என்பதுதான் அவர்கள் தேடிய கதை. நம் பனையேறி வீடியோவை அங்கே அனுப்பியிருந்தால் வாசலிலேயே மாலை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ‘திக்கற்ற பார்வதி’யை அனுப்பியிருந்தால்? லிபர்டேரியன் கட்சியைத் தொடங்கியவரின் கதை, லிபர்டேரியன் நடுவர்கள் முகத்தைச் சுளிக்கிற கதை. பார்வதியின் சுதந்திரத்தைப் பறித்தது அரசாங்கம் மட்டும் இல்லையே. கட்டினவன், கடன்காரன், கடை, மூணும் சேர்ந்துதான். பனையேறி படத்தில் வருகிற “வாயும் என்னது” என்ற வசனத்தைப் பார்வதியிடம் சொன்னால் அவள் என்ன பதில் சொல்வாள் என்று யோசித்தேன். “சம்பாதிச்சது யாரு, பட்டினி யாரு?” என்பாளோ என்னமோ.

இதற்கெல்லாம் நடுவில் நான் மார்க் போட்டாக வேண்டும்.

மறுநாள் மூணு பேரும் திரும்ப உட்கார்ந்தோம். நான் எட்டுப் போட்டேன். படம் எடுத்துக்கொண்ட வாதத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டது, எதிர்வாதத்தைத் தொடக்கூட இல்லை, அதற்கு இரண்டு மார்க் குறைத்தேன். தமிழாசிரியர் பூஜ்யத்திலிருந்து இறங்கி வரவில்லை. ஆனால் நான் உச்ச நீதிமன்றம், பெரியார், ஆப்காரி என்று கொட்டியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “நீங்க சொல்றது எல்லாஞ் சரிங்க தம்பி. ஆனா என் மறுப்பை எழுத்துல வெச்சுக்கோங்க” என்றார். 1955-ல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அமைத்த பொருளாதார நிபுணர் குழுவில் பி. ஆர். ஷெனாய் ஒற்றை ஆளாக மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. பற்றாக்குறை நிதியை நம்பி இவ்வளவு பெரிய திட்டம் வேண்டாம் என்று எழுதினார், யாரும் கேட்கவில்லை. பின்னால் சுதந்திராக் கட்சிக்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். குழுவில் எதிர்க்கிற ஒரு ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பதுதான் இந்தக் கும்பலுக்கே அடையாளம் என்று நான் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். ஆசிரியர் தன் மறுப்பை முழுப் பக்கத்துக்கு மணிமணியான கையெழுத்தில் எழுதினார். மார்க் தாளோடு குண்டூசி குத்தி வைத்தோம்.

மொத்தம் முப்பதுக்கு 17. வீட்டிலேயே மெஸ் வைக்கப் பார்த்த ஒரு அம்மாவைப் பற்றிய படம் 20 வாங்கி முதல் பரிசுக்குப் போனது. பனையேறிக்கு இரண்டாம் பரிசு.

பரிசு கொடுத்த அன்று பையன் தன் தாத்தாவைக் கூட்டி வந்திருந்தான். படத்தில் மரம் ஏறியது அவர்தான். வெள்ளை வேட்டி, துண்டு, கையில் வழுக்காமல் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன தழும்பு. எங்கள் மூணு பேரையும் ஏதோ அதிகாரிகள் என்று நினைத்துவிட்டார் போல. பக்கத்தில் வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலேயே சொன்னார்: “படத்துல காமிச்சது சும்மா நடிப்புங்க. நாங்க எறக்கறது தெளுவுதானுங்க சாமி. சுண்ணாம்பு போட்டுத்தானுங்க எறக்கறோம்.”

தமிழாசிரியர்தான் முதலில் எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.